கடைசி ஆள் இறங்கும்வரை

செவ்வாய், 4 பிப்ரவரி 2025

நேற்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான் என்று பரணிதரன் சார் சொன்னார். இருந்தாலும் அதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை எழுதும்போதெல்லாம் அது குறுக்கே வந்து நிற்கும்.

நேற்று மாலை எங்கள் லேப் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மூன்று அரட்டை அறைகள் அமைத்தேன். மாமல்லபுரம் சாலை, அச்சரப்பாக்கம் சாலை, கேளம்பாக்கம் சாலை. மூன்றும் பட்டியலில் வரிசையாகத் தெரிந்ததை போட்டோ எடுத்து வீட்டில் காட்டினேன். இன்று வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. முன் பெஞ்சு ஆபிரகாம்தான் விளையாட்டுக்கு அழித்திருப்பான் என்று ஒரு மணி நேரம் மனதுக்குள் அவனைத் திட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் நான் திட்டியதே அவனுக்குத் தெரியாது. தெரியாதவனிடம் எப்படிக் கேட்பது?

காரணம் இதுதான். அறை அமைக்கும் படிவத்தில் பெயர், விளக்கம், அதிகபட்சம் எத்தனை பேர், யார் பேசலாம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், அடியில் ‘நிரந்தரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் அதில் டிக் வைக்கவில்லை. டிக் வைக்காத அறை, உள்ளே ஒருவராவது இருக்கும்வரைதான் இருக்கும். கடைசி ஆள் வெளியேறியதும் அறையும் போய்விடும். நேற்று கடைசி ஆள் நான். பஸ்ஸில் தூங்குமுன் போனை அணைத்தேன். அத்துடன் மூன்று அறைகளும் போய்விட்டன. பூட்டிவிட்டு வருவதாக நினைத்துக்கொண்டு இடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்று மறுபடி அமைத்து, டிக் வைத்து, டிக் வைத்ததை இரண்டு முறை பார்த்தேன்.

இது என் புராஜெக்ட். பகலில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை மாடியில் இந்த நெட்வொர்க்கிங் வகுப்பு. பரணிதரன் சார் கேளம்பாக்கத்தில் இருந்துகொண்டு பகலில் ஐ.டி. ஆபீசில் வேலை பார்ப்பவர். எங்களுக்குச் செய்முறை எடுக்க மட்டும் வருகிறார். ஆளுக்கு ஒன்றாக, நிஜ மனிதர்கள் ஒரு வாரம் பயன்படுத்தும்படி எதையாவது செய்து காட்டச் சொன்னார். எனக்கு வந்தது மெசஞ்சர்: அந்த மூலைக் கம்ப்யூட்டரில்தான் அது ஓடும், எல்லாரும் போனிலிருந்து அதற்குள் வருவார்கள்.

எனக்கு மார்க் வரும், போகும். உண்மையில் இந்த அறைகள் யாருக்காக என்றால் செங்கம்மாள் அக்காவுக்காக.

அக்கா மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். காலை ஐந்தரைக்குப் போய் மதியம் முடித்துவிட்டு, பஸ் ஏறி இங்கே படிக்க வருகிறார். இந்தச் சான்றிதழ் வந்தால் மார்ச்சில் அதே ரிசார்ட்டின் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எடுப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். ஆனால் செய்முறை வகுப்புகள் இருபதில் பதினைந்துக்கு வந்திருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். செய்முறை ஏழரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடியும். மாமல்லபுரம் பஸ் ஏழு முப்பத்தைந்துக்கு. அடுத்தது ஒன்பதரைக்கு, அதுவும் திருக்கழுக்குன்றத்தோடு நின்றுவிடும். அக்கா இதுவரை வந்தது ஒன்பது செய்முறை, கணவர் ஊரில் இருந்து பைக்கில் அழைத்துப்போன நாட்களில் மட்டும். பாக்கி ஆறு. நாளை தொடங்கி, ஞாயிறு நீங்கலாக, அடுத்த செவ்வாயோடு முடிகிறது. ஆறிலும் இருந்தாக வேண்டும்.

என் வீடு திருக்கழுக்குன்றம். ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “பொண்ணு தனியா கீதுடி” என்று முடித்துவிட்டார். சிநேகா எட்டாம் வகுப்பு. அவள் அப்பா லாரியில் போனால் வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார்.

மிச்சம் இருப்பது ஷேர் ஆட்டோ. ஸ்டாண்டில் ஜான்சன் அண்ணனிடம் கேட்டோம். பத்து தலை இருந்தால் எட்டேகாலுக்கு மாமல்லபுரம் வரை வருவேன் என்றார். திரும்பும்போது காலி வண்டி, அதனால் ஒன்பது கூடாது. அதோடு ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டி நிரம்பாமல் கிளப்பிக்கொண்டு போனவர், மறுநாள் காலை வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். காலை ஆபீஸ் நேரத்து ஓட்டமே போய்விடும்.

எங்கள் வகுப்பில் அந்தச் சாலைக்கு நாலு பேர். மிச்சம் ஆறு பேர், எதிரே மூன்று மாடி ஜவுளிக்கடையில் இருக்கிறார்கள். எட்டு மணிக்குக் கடை விட்டதும் ஒன்பதரை பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்கும் பெண்கள். ஜனவரியில் வாட்ஸாப் குழு ஒன்று தொடங்கிப் பார்த்தோம். காலையில் எல்லாம் ரோஜாப் பூவும் குட்மார்னிங்கும். பில் கவுண்டரில் இருக்கும் துர்காதேவி இரண்டாம் நாளே வெளியேறினாள். பார்த்துப் பழகாத டிரைவருக்கு என் நம்பர் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டாள். கேட்டது சரிதான். எங்கள் மெசஞ்சரில் நம்பர் கிடையாது, சொந்தப் பெயர்கூடத் தேவையில்லை. வேண்டுமானால் பட்டப்பெயர் போதும். அதைச் சொன்னதும் அவளே ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். பட்டப்பெயர்கள்: ‘பில் கவுண்டர்’, ‘மூணாவது மாடி’, ‘ஜன்னல் சீட்’. ஜன்னல் சீட் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஏழு இருபத்தைந்துக்குள் பத்து பேர் உறுதியானால் அக்கா வகுப்பில் உட்காருவார். இல்லாவிட்டால் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். நாளை முதல் நாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

புதன், 5 பிப்ரவரி

ஏழு இருபத்திரண்டுக்கு அறையில் பத்து. நானே எண்ணினேன். ‘அக்கா, உட்காருங்கள், பத்து வந்துவிட்டது’ என்று நான் சொன்ன சத்தத்தில் கீழே கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தாராம். அக்கா உட்கார்ந்தார். பத்தாவது செய்முறை முடிந்தது.

எட்டேகாலுக்கு இறங்கிப் போனால் வண்டி நிற்கிறது, ஜான்சன் அண்ணன் பாட்டு வைத்திருக்கிறார், ஏறியவர்கள் ஏழு பேர்.

“இன்னா தங்கச்சி, பத்துன்னு போட்டுகினு இருந்துச்சு. ஏழு தலை தான் கீது. மிச்சம் மூணு இன்னா, டிக்கியில ஒளிஞ்சுகினு கீதா?”

போனை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எட்டாவது பெயர் ஜான்சன். வண்டி உறுதியா என்று பார்க்க அவரே அறைக்குள் வந்திருந்தார். ஒன்பதாவது பரணிதரன் சார், என் புராஜெக்ட் வேலை செய்கிறதா என்று எட்டிப் பார்த்தவர். பத்தாவது நான். ஏற்கெனவே போனில் ஒரு நான் இருக்க, லேப் கம்ப்யூட்டரிலும் ஒரு நான் உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து வந்தது மூன்று பேர்தான். மற்ற மூவர், டிரைவர் பெயரை உள்ளே பார்த்துவிட்டுத் தயங்கி வரவே இல்லை.

ஜான்சன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். டிரைவர் தலையையும் சேர்த்து எண்ணிய முதல் ஆள் நீதான் என்றார். வண்டியை எடுத்துவிட்டார், ஏனென்றால் வரிசையை விட்டு ஏற்கெனவே வெளியே வந்தாயிற்று. நாளைக் காலை கடைசியில் போய் நிற்க வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் நான் இறங்கும்போது, “இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா நம்ம கணக்கு அவ்ளோதான், தங்கச்சி” என்று மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலாம்.

வியாழன், 6 பிப்ரவரி

ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போதெல்லாம் யோசித்தேன். மதியம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை இரண்டு பக்கமும் தலைகீழாக எடுத்துவிட்டேன்.

விடை மெசஞ்சரிலேயே இருந்தது. அறைகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் உள்ளே எத்தனை பேர் என்ற எண் வருகிறது. அதைப் பார்க்க உள்ளே போக வேண்டியதில்லை. வெளியிலிருந்தே தெரியும். அப்படியென்றால் ஜான்சன் அண்ணன் உள்ளே வரவே வேண்டாம். பட்டியலைப் பார்த்தால் போதும். பேசுவதற்குத் தனி அறை, இருக்கைக்குத் தனி அறை. பழைய அறைக்குப் ‘பேச்சு’ என்று பெயரை மாற்றி, ‘மாமல்லபுரம் சாலை’ என்ற பெயரை இருக்கை அறைக்குக் கொடுத்தேன். இருக்கை அறையில் அதிகபட்சம் பத்து. விளக்கம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: ‘இன்று வண்டியில் ஏறுகிறவர் மட்டும் உள்ளே வரவும். போன் வழியாக மட்டும். ஒரு ஆளுக்கு ஒரு தலை.’

படிவத்தின் அடியில் வந்ததும் கை நின்றது. நிரந்தரம்? பேசும் அறை நாளையும் இருக்க வேண்டும், சரி. இருக்கை அறை எதற்கு நாளைக்கும் இருக்க வேண்டும்? இன்றைய வண்டி இன்றோடு முடிந்தது. இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால் எண் குறையும். கடைசி ஆள் இறங்கி வெளியேறியதும் அறை தானாகப் போய்விடும். செவ்வாய்க்கிழமை நான் தவறு என்று எழுதியது இங்கே சரியாக வருகிறதா? இதை நான் யோசித்தேன் என்பதை நம்பவே பயமாக இருந்தது. சாரிடம் கேட்டேன். அவர், “செஞ்சு பாருங்க” என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. டிக் வைக்காமல் விட்டேன்.

ஏழு இருபதுக்குப் பத்து. எட்டேகாலுக்கும் பத்து. நிஜமான பத்து, மூச்சுவிடும் பத்து. ஜான்சன் அண்ணன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். வல்லம் தாண்டும்போது பெண்கள் எல்லாரும் கூடப் பாடினார்கள். நானும் பாடினேன், மெதுவாக.

திருக்கழுக்குன்றத்தில் நானும் இன்னும் நாலு பேரும் இறங்கி, சொன்னபடி அறையிலிருந்து வெளியேறினோம். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பட்டியலைப் பார்த்தேன். ஐந்து. பூஞ்சேரியில் இறங்கினார்கள் போல, மூன்று. பிறகு ஒன்று. ஒன்று வெகுநேரம் ஒன்றாகவே இருந்தது. எட்டு ஐம்பத்தெட்டுக்கு அந்த வரியே காணாமல் போயிற்று.

செங்கம்மாள் அக்கா வீடு சேர்ந்துவிட்டார். யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சோற்றில் கை வைத்தபடி சிரித்தேன். ‘இன்னாடி ஆச்சு?’ என்று அம்மா கேட்டார். விளக்க முயன்று, விட்டுவிட்டேன்.

வெள்ளி, 7 பிப்ரவரி

நேற்று இரண்டு பக்கம் பெருமை எழுதியிருக்கிறேன். அதற்குத் தண்டனை இன்றே கிடைத்தது.

அறையை நான் வேலைக்குப் போகும்போதே, காலையில், போனிலிருந்து அமைத்துவிட்டேன். மாலை நான்கு மணிக்கே பத்து! இவ்வளவு ஆர்வமா என்று மகிழ்ந்தேன். எட்டேகாலுக்கு வண்டியில் ஒன்பது பேர். ஜன்னல் சீட்டுக்கு மதியமே தலைவலி வந்து அரை நாள் லீவில் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அறையிலிருந்து வெளியேறவில்லை. அதே நேரம், இன்று மட்டும் எங்களோடு வரக் கேட்ட கடைப் பெண் ஒருத்தி பத்தாவதாக நுழைந்திருந்ததால், ‘மூணாவது மாடி’ ஏழு மணிக்கு உள்ளே வர முயன்று, அறை நிரம்பிவிட்டது என்று பதில் வந்து, கோபித்துக்கொண்டு அண்ணனை பைக்கில் வரச் சொல்லிவிட்டாள்.

“கர்ச்சீப் போட்டுட்டுப் போய்ட்டாடி அவ” என்று துர்காதேவி சிரித்தாள்.

அதேதான். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே கர்ச்சீப்பையோ பையையோ சீட்டில் எறிந்து இடம் பிடிப்போமே, அதை அறைக்குள் செய்திருக்கிறார்கள். கடையில் பெட்டியில் வாங்கி வைக்கும் போன் மூன்றரை மணி டீக்குக் கைக்கு வந்ததும் உள்ளே நுழைந்து தலையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போயாயிற்று. தவறு அவர்களுடையது அல்ல. இடம் என்று ஒன்று காலியாக இருந்தால் நம் ஊரில் யார்தான் போடமாட்டார்கள்? நானும் அப்படித்தான் தினமும் உட்கார்ந்து வருகிறேன்.

வல்லம் கூட்டு ரோட்டில் ஒருவர் கைகாட்டி ஏறினார். “ஒரு தலை கெடச்சுது, தப்பிச்ச” என்றார் ஜான்சன் அண்ணன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து.

இனி ஏழு மணிக்குத்தான் அறை திறக்கும். கடைப் பெண்களுக்கு ஏழிலிருந்து ஏழு இருபது வரை இரண்டாவது டீ. அந்த நேரம் போன் கையில் இருக்கும். இருபத்தைந்துக்குள் முடிவு தெரிந்துவிடும். கர்ச்சீப் போடுவதற்கு நேரமே இருக்காது. அக்காவுக்குப் பன்னிரண்டு முடிந்தது.

திங்கள், 10 பிப்ரவரி

சனிக்கிழமையும் இன்றும் பத்து, பத்து. பதினான்கு முடிந்தது. எழுத ஒன்றும் இல்லை என்பதே எழுத வேண்டிய செய்தி.

ஒன்று மட்டும். சிநேகாவுக்கும் பழைய போன் ஒன்றில் மெசஞ்சர் போட்டுக் கொடுத்தேன். அவள் அறைக்குள் வருவதில்லை, பட்டியலை மட்டும் பார்க்கிறாள். மூன்று ஆனதும் வீட்டுப்பாடத்தை மூடுவாளாம். ஒன்று ஆனதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாளாம். அக்கா வாசலில் செருப்பை விடும்போது கல் சரியாகக் காய்ந்திருக்குமாம். இதை அக்காதான் சொன்னார். உடனே, “ஆனா தோசை இன்னும் வட்டமா வரல, இந்தியா மேப்பு மாதிரி கீது” என்றார்.

நாளை கடைசிச் செய்முறை. ஒவ்வொருவரும் ஒரு அறையைத் தாமே அமைத்துக் காட்ட வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அது பயம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வண்டியில் ஐந்து நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அறை அமைப்பதைப் பற்றி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கே சரியாகத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டே பதில் சொன்னேன்.

செவ்வாய், 11 பிப்ரவரி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஏழு மணிக்கு அறையைத் திறந்தேன். ஏழு மூன்றுக்கு ஆறு பேர். ஏழு நான்குக்குக் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க இருட்டு. மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். உண்டு. அது இரண்டு முறை கூவிவிட்டு நின்றுவிட்டது. பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்று வியாழக்கிழமையே நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுதினேன், பார்க்கவில்லை.

எதிரே ஜவுளிக்கடையில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. மூன்று மாடியும் பளீரென்று எரிந்தது. அங்கே ஆறு பெண்கள் டீ டம்ளரும் போனுமாக நிற்பார்கள், என் அறை வரவில்லை என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள், ஏழு இருபதுக்குப் போனை மறுபடி பெட்டியில் வைத்துவிடுவார்கள். சார் இன்னும் வந்து சேரவில்லை. அக்கா புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

ஏழு பதின்மூன்றுக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்து மெசஞ்சர் ஓடத் தொடங்க ஏழு பதினாறு. பேசும் அறை இருந்தது, அது நிரந்தரம். இருக்கை அறை இல்லை. அதை மறுபடி அமைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நாளாக அமைத்தது. ஆனால் பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பு. நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் அமைக்கும் முறை எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

“ஹெலனு, அத்த வுடு. இங்க பாரு.”

அக்காவின் போன் திரையில் அந்தப் படிவம். பெயர், மாமல்லபுரம் சாலை. அதிகபட்சம், பத்து. விளக்கம், ‘ஒரு ஆளுக்கு ஒரு தலை’. அடியில் வந்து ஒரு கணம் நின்றார். ‘நிரந்தரம்’ கட்டத்தின் மேல் விரல் நின்றது. தொடாமல் கீழே நகர்த்திச் சேமித்தார். ஏழு பதினேழு. பட்டியலில் வரி தோன்றியது, பக்கத்தில் ஒன்று என்று எண். அந்த ஒன்று அக்கா.

பேசும் அறையில் நான் எழுதியது ஒரே சொல்: ‘வாங்க’.

மூன்று. ஐந்து. ஆபிரகாம் பின்னால் நின்று கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அச்சரப்பாக்கம், இந்த வண்டிக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எட்டு. ஏழு பத்தொன்பதுக்கு ஒன்பது. ஏழு இருபதுக்கு எதிரே ஜன்னலில் நிழல்கள் நகர்ந்தன, டீ நேரம் முடிந்தது. ஒன்பது. ஏழு இருபத்திரண்டு, ஒன்பது. ஏழு இருபத்துமூன்று, ஒன்பது.

ஜான்சன் அண்ணன் கீழே ஸ்டாண்டில் இதே எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்பதுக்கு வர மாட்டார், வரச் சொல்லி நான் கேட்கவும் முடியாது. யார் அந்தப் பத்தாவது? கடையில் யாருக்கு லீவு? நான் உள்ளே இருந்தவர்களின் பெயர்களைச் சத்தமாகப் படித்தேன். கடைப் பெண்கள் ஆறு பேரும் இருந்தார்கள். ஜன்னல் சீட்கூட. எங்கள் வகுப்பின் இரண்டு பேரும் இருந்தார்கள். செங்கம்மாள். ஒன்பது. மறுபடி படித்தேன். ஒன்பது.

அக்கா பையைத் தோளில் மாட்டியிருந்தார். வாசல் வரை போனவர் நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏண்டி, நீ இன்னா வூட்டுக்கு நடந்தா போவ?”

இத்தனை நாளும் அறையை அமைத்தது நான். அமைக்கிறவர் தானாகவே உள்ளே இருப்பார், அதனால் உள்ளே வருவதைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று அமைத்தது அக்கா. போன புதன்கிழமை என்னை இரண்டு முறை எண்ணினேன், இன்று ஒரு முறைகூட எண்ணவில்லை.

போனைத் தொட்டேன். பத்து. ஏழு இருபத்துநான்கு.

ஆபிரகாம் விசிலடித்தான். கீழே ஸ்டாண்டிலிருந்து ஹாரன் ஒன்று இரண்டு முறை ஒலித்தது. அது ஜான்சன் அண்ணனுடையதா வேறு யாருடையதா என்று தெரியாது. அவருடையது என்றே வைத்துக்கொள்கிறேன். அக்கா திரும்பி வந்து, பையைக் கழற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏழு முப்பத்தைந்து பஸ் கீழே திரும்பிப் போனதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சார் மூச்சிரைக்க வந்ததும் செய்முறை தொடங்கியது. அக்காவின் முறை வந்தபோது, நான் ஒன்று அமைத்துவிட்டேன் சார், அதுவே போதுமா, இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார். சார் கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். 7.17, மாமல்லபுரம் சாலை, அமைத்தவர் செங்கம்மாள். கீழே பத்து பேர் வந்த நேரம் வரிசையாக. அதிகபட்சம் சரி. பட்டியலில் தெரிவது சரி. நிரந்தரம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டார், பரீட்சைக் கேள்வி போல.

“நிரந்தரமா இருந்தா, நான் வூடு போய்ச் சேந்தேனா இல்லையான்னு எம் பொண்ணுக்கு எப்டி சார் தெரியும்?”

சார் வருகைப் பதிவேட்டில் பதினைந்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை, என்னுடையதை வாங்கிப் போட்டார்.

வண்டியில் ஜான்சன் அண்ணனிடம் இன்று கரண்ட் போனதைச் சொன்னோம். ஒன்பதில் அப்படியே நின்றபோது நெஞ்சு அடைத்துவிட்டது, இதற்கு வரிசையில் நின்று நேராக ஆள் பிடிப்பதே மேல் என்றார். பிறகு, அச்சரப்பாக்கம் ரோட்டில் ஓட்டும் மச்சான் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் இப்படி ஒரு அறை போட்டுத் தருவாயா என்று கேட்டார். என்னைக் கேட்கிறாரா அக்காவைக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. அக்காதான், “போட்டுடலாம் அண்ணாத்த” என்றார்.

நான் இறங்கியபின் ஐந்து. சாப்பிடும்போது மூன்று. இப்போது இதை எழுதும்போது ஒன்று. மாமல்லபுரத்தில் தோசைக்கல் அடுப்பில் ஏறியிருக்கும்.

இதோ, வரி போய்விட்டது. எட்டு ஐம்பத்தொன்பது.

நாளை செய்ய வேண்டியது: கடைக்குப் போகும் வழியில் யு.பி.எஸ். பேட்டரிக்குச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு அச்சரப்பாக்கம் சாலைக்கான இருக்கை அறையைச் செங்கம்மாள் அக்கா அமைப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.